கடைசி நாள் இரவில் மின்தாக்கல் செய்த மேல்முறையீடு: எந்தத் தேதி செல்லும்?

உங்கள் கேள்வியின் சாரம் இதுதான்: மேல்முறையீட்டுக் கெடுவின் கடைசி நாளன்று இரவு 9.40 மணிக்குப் போர்ட்டல் வழியாக மின்தாக்கல் செய்து ஒப்புகையும் பெற்றுவிட்டீர்கள். காகிதக் கட்டை ஒன்பது நாள் கழித்தே பதிவகத்தில் கொடுக்க முடிந்தது. இப்போது பதிவகம் அது காலங்கடந்து வந்ததாகக் குறிப்பெழுதித் திருப்பியிருக்கிறது. எந்தத் தேதி செல்லும் என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தாலும், அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மின்தாக்கல் தேதியா, காகிதம் கொடுத்த தேதியா என்பது ஒன்று. அலுவல் நேரம் முடிந்த பிறகு வந்த மின்தாக்கல் அன்றைய கணக்கா, மறுநாள் கணக்கா என்பது இரண்டாவது. குறை சுட்டித் திருப்பப்பட்ட கட்டு முதலில் தாக்கலான தேதியைத் தக்கவைத்துக்கொள்கிறதா என்பது மூன்றாவது. முதலாவதற்கு இன்று ஓரளவு தெளிவான விடை உண்டு, மூன்றாவதற்கும் பெரும்பாலும் உண்டு. உங்களை உண்மையில் சிக்கவைக்கக் கூடியது இரண்டாவதுதான். மேல்முறையீடு எந்த நீதிமன்றத்தில் அல்லது எந்தத் தீர்ப்பாயத்தில் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆகவே இந்தியச் சட்டத்தின் பொதுநிலையைச் சொல்லி, எந்த இடத்தில் உங்கள் மன்றத்தின் விதிப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லிப் போகிறேன்.

1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, கெடு கடந்து வரும் மேல்முறையீட்டை, எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் கட்டளையோ, மேல்முறையீட்டு மனு நீதிமன்றத்திடமோ அது அதற்கென நியமிக்கும் அலுவலரிடமோ அளிக்கப்பட வேண்டும் என்கிறது. ஆக, சட்டம் பார்ப்பது அளிக்கப்பட்ட நாளை. அதைப் பெற்றுக்கொள்ளும் வழியை நிர்ணயிப்பது நீதிமன்றம். 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 4ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்கு எழுத்து ஆவணத்துக்குரிய ஏற்பைத் தருகிறது. ஆனால் அரசு அமைப்பு எதுவும் ஆவணத்தை மின்னணு வடிவில் ஏற்றே ஆக வேண்டும் என்று வற்புறுத்தும் உரிமை யாருக்கும் இல்லை என்று அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் நிலை இது: நீதிமன்றம் தன் விதிகளாலோ சுற்றறிக்கையாலோ மின்தாக்கலைத் திறந்துவிட்டிருந்தால், அந்த வழியாக வருவது முறையான தாக்கல், அப்படித் திறந்துவிடாத இடத்தில் நீங்களாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அதைத் தாக்கல் என்று சொல்ல முடியாது.

முதல் கேள்விக்கு நேரடியான விடை தருவது, சங்கேத் குமார் அகர்வால் எதிர் ஏபிஜி லாஜிஸ்டிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் அளித்த தீர்ப்பு. அதன் தேதிகளை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும், ஏனெனில் உங்கள் நிலைமையும் ஏறக்குறைய அதே போன்றது. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் உத்தரவு 2022 ஆகஸ்ட் 26 அன்று வந்தது. செப்டம்பர் 2 அன்று சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்தார்கள், 15 அன்று நகல் கிடைத்தது. அக்டோபர் 10 அன்று மின்தாக்கல் செய்தார்கள், அக்டோபர் 31 அன்று காகிதக் கட்டைக் கொடுத்தார்கள். நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் 61ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு 30 நாள் தருகிறது. போதிய காரணம் இருந்தால் மேலும் 15 நாள் வரை தாமதத்தை மன்னிக்கலாம், அதைத் தாண்டி ஒரு நாளும் முடியாது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவு வந்த நாளையும் சேர்த்து எண்ணி, 46ஆம் நாள் வந்தது என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றமோ, அத்தீர்ப்பாயத்தின் 2016ஆம் ஆண்டு விதிகளிலேயே எண்ணத் தொடங்கும் நாளைக் கழிக்கச் சொல்லியிருப்பதைச் சுட்டிக்காட்டி, ஆகஸ்ட் 26ஐக் கழித்தால் அக்டோபர் 10 சரியாக 45ஆம் நாளாகிறது என்றும், சான்றிட்ட நகல் பெறப் பிடித்த நாட்களையும் கழிக்க வேண்டும் என்றும், கணக்கில் கொள்ள வேண்டியது மின்தாக்கல் செய்த தேதியே என்றும் தீர்ப்பளித்தது. காகிதம் வந்த அக்டோபர் 31ஐ எடுத்துக்கொண்டிருந்தால் அந்த மேல்முறையீடு பிழைத்திருக்கவே முடியாது.

அந்த வழக்கின் பின்னணியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் இரண்டு நிர்வாக உத்தரவுகள் இருந்தன. 2022 அக்டோபர் 21 தேதியிட்ட உத்தரவு, பதிவகச் சாளரத்தில் காகிதம் அளிக்கப்படும் நாளையே கெடுக் கணக்குக்கு எடுக்க வேண்டும் என்றது. அது நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று வந்த உத்தரவு அதை மாற்றி, மின்தாக்கல் தேதியே கணக்கு, காகிதப் பிரதியை மின்தாக்கலிலிருந்து 7 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்றது. இரண்டு மாத இடைவெளியில் ஒரே தீர்ப்பாயம் நேரெதிரான இரு நிலைகளை எடுத்தது என்பது, பொதுவாக மின்தாக்கல் செல்லும் என்ற நம்பிக்கையில் யாரும் இருந்துவிடக் கூடாது என்பதற்குப் போதுமான காரணம். மின்தாக்கல் செய்த பிறகும் காகிதத்தைக் கட்டாயமாகக் கேட்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் கடுமையாகவே விமர்சித்தது. அந்த விமர்சனம் எனக்கு முழு உடன்பாடானது. ஒரே வேலையை இருமுறை செய்யவைத்து, இரண்டாவதில் தவறினால் முதலாவதைச் செல்லாததாக்குவது வழக்காடியின் உரிமையைக் குமாஸ்தாவின் ஓட்டத்தில் தொங்கவிடுவதாகும்.

உங்கள் மேல்முறையீடு அந்தத் தீர்ப்பாயத்தில்தான் என்றால், ஒன்பது நாள் கழித்துக் காகிதம் கொடுத்தது 7 நாள் நிபந்தனையை இரண்டு நாள் மீறுகிறது. அந்த மீறல் மேல்முறையீட்டையே காலங்கடந்ததாக்குமா? என் கருத்தில் ஆக்காது. கெடுவைக் கணக்கிடுவது மின்தாக்கல் தேதியிலிருந்து என்று உத்தரவே சொல்கிறது. காகிதம் தாமதமானது நடைமுறைக் குறை, அதைத் தனியே மன்னிக்கக் கோரலாம். ஆனாலும் இதை நான் கருத்தாகத்தான் சொல்கிறேன். எதிர்த்தரப்பு இதை வைத்து வாதாட இடம் இருக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் சட்டங்களும் இப்படிச் சொல்வதில்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 107ஆம் பிரிவின் கீழான மேல்முறையீட்டுக்கு 108ஆம் விதி தனிக் கணக்கு வைத்திருக்கிறது. எதிர்க்கப்படும் உத்தரவு போர்ட்டலில் பதிவேற்றப்பட்டிருந்தால் தற்காலிக ஒப்புகையின் தேதியே தாக்கல் தேதி. பதிவேற்றப்படாத உத்தரவு என்றால் அதன் சுயசான்றிட்ட நகலை 7 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் நகல் கொடுத்த தேதியே தாக்கல் தேதியாகிவிடும். 2022 டிசம்பரில் விதி திருத்தப்பட்ட பின்னான நிலை இது. இங்கே காகிதம் பிந்துவது வெறும் குறையாக நிற்காமல் தேதியையே நகர்த்திவிடுகிறது. வருமான வரியில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம்: மின்தாக்கல் கட்டாயமாக்கப்பட்ட 2016ஆம் ஆண்டையொட்டி, கெடுவுக்குள் காகிதத்தில் மட்டும் மேல்முறையீடு செய்தவர்களின் மனுக்கள் தள்ளப்பட்டபோது, அது சரிசெய்யத்தக்க தொழில்நுட்பக் குறைதான் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாய அமர்வுகள் காப்பாற்றியிருக்கின்றன.

இனி, இரவு 9.40. மின்தாக்கல் வருவதற்கு வெகு முன்பே நம் நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. அலுவல் நேரம் முடிந்த பிறகு நீதிபதி விரும்பினால் தன் இல்லத்திலேயே மனுவைப் பெற்றுக்கொள்ளலாம், அது அன்றைய தாக்கலாகவே கொள்ளப்படும் என்று ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு ஏற்றிருக்கிறது. சட்டத்தின் கண்ணில் நாள் என்பது நள்ளிரவில்தான் முடிகிறது. நான்கு மணிக்கோ ஐந்து மணிக்கோ முடிவது அலுவலகத்தின் வசதி. ஆனால் அந்த முழு அமர்வும், நேரம் கடந்து பெற்றுக்கொள்வது நீதிபதியின் விருப்பத்துக்குட்பட்டது, வழக்காடியின் உரிமை அன்று என்றே பார்த்தது. எனவே போர்ட்டல் 24 மணி நேரமும் திறந்திருப்பதே நள்ளிரவு வரை உரிமை தருகிறதா, அல்லது விதி அந்த உரிமையைத் தந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது.

இங்குதான் மன்றத்துக்கு மன்றம் விடை மாறுகிறது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டு மின்தாக்கல் விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட்டல் நாள் முழுதும் இயங்கும் என்று சொல்லும் அதே விதிகள், மாலை 4 மணிக்குப் பிறகு செய்யப்படும் மின்தாக்கல் அடுத்த வேலை நாளின் தாக்கலாகக் கொள்ளப்படும் என்றும், விடுமுறை நாளில் செய்தது அடுத்த வேலை நாளுக்குப் போகும் என்றும் சொல்கின்றன. அப்படியொரு விதி உங்கள் மன்றத்தில் இருந்தால், 9.40 மணிக்கு வந்த ஒப்புகை உங்கள் கையில் இருந்தாலும் சட்டப்படி நீங்கள் ஒரு நாள் பிந்தியவர். அடுத்த நாள் சனிக்கிழமையாக இருந்து நீதிமன்றம் இயங்காவிட்டால் மூன்று நாள் கூடப் பிந்தலாம். கெடு முடியும் நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்ற, காலவரையறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு உங்களுக்கு உதவாது, ஏனெனில் கெடு முடிந்த வெள்ளிக்கிழமை நீதிமன்றம் திறந்துதான் இருந்தது. அத்தகைய நேர வரம்பு உங்கள் மன்றத்தின் விதிகளில் எங்குமே இல்லையென்றால், நள்ளிரவு வரை நாள் உண்டு என்ற வாதம் வலுவானது. நான் தயங்காமல் அதை எடுத்துவைப்பேன். இந்த விதிகள் அடிக்கடித் திருத்தப்படுகின்றன என்பதால், நீங்கள் தாக்கல் செய்த நாளில் நடைமுறையில் இருந்த வாசகத்தையே பாருங்கள்.

இதையொட்டி, பலர் கவனிக்கத் தவறும் ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 4ஆம் பிரிவின் விடுமுறைச் சலுகை, சட்டம் விதித்த மூலக் கெடுவுக்கு மட்டுமே உரியது. நீதிமன்றம் மன்னிக்கக்கூடிய கூடுதல் நாட்களுக்கு அது பொருந்தாது. நடுவர் தீர்ப்பை எதிர்க்கும், நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு மனுவில் மூன்று மாதத்துக்குப் பிந்தைய 30 நாட்கள் விடுமுறையில் முடிந்தபோது, திறந்த நாளில் தாக்கல் செய்தவருக்குச் சலுகை இல்லை என்று அஸ்ஸாம் நகர்ப்புறக் குடிநீர் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியிலும் அதையே, தயக்கத்தைப் பதிவுசெய்துகொண்டு, மறுபடி உறுதிசெய்தது. அப்படியானால் விடுமுறையில் போர்ட்டல் வழியாகத் தாக்கல் செய்தவர் தப்பிப்பாரா? விடுமுறைத் தாக்கலை அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும் விதி இருக்கும் இடத்தில் அவர் தப்பிக்க மாட்டார் என்றே வாசகம் சொல்கிறது. போர்ட்டலைத் திறந்துவைத்துவிட்டு, அதில் வந்ததை வராததாகக் கொள்வது நியாயமா என்ற கேள்விக்கு நல்ல வாதம் இருக்கிறது. ஆனால் வாதம் இருக்கிறது என்பதை நம்பி ஒருவரின் மேல்முறையீட்டைப் பணயம் வைக்க முடியாது.

மின்தாக்கல் எந்த நொடியில் முழுமையாகிறது என்பதிலும் தகராறு வருகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, பெறுபவர் ஒரு கணினி அமைப்பைக் குறித்துக் கொடுத்திருந்தால் ஆவணம் அதற்குள் நுழையும் நேரமே பெற்ற நேரம். குறித்துக் கொடுக்காத வேறொன்றுக்கு அனுப்பினால் பெறுபவர் அதை எடுத்துப் பார்க்கும் நேரமே பெற்ற நேரம். பதிவகத்தின் பொது மின்னஞ்சலுக்குக் கடைசி நாள் இரவு அனுப்பியவர்களுக்கு இந்த இரண்டாம் பகுதி எதிராகத் திரும்பும். போர்ட்டலுக்குள்ளேயும் படிகள் உண்டு: விவரங்களை நிரப்பி, பி.டி.எஃப். கோப்புகளை ஏற்றி, நீதிமன்றக் கட்டணம் செலுத்தி, ஓ.டி.பி. அல்லது மின்கையொப்பம் இட்டு, கடைசியாகச் சமர்ப்பிக்க வேண்டும். கோப்பு 11.50க்கு ஏறியிருக்கும், கட்டணப் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றிருக்கும், பணம் வங்கியில் கழிந்து ஒப்புகை 12.04க்கு வந்திருக்கும், மனுவின் நிலையோ அதுவரை வரைவு என்றே காட்டியிருக்கும். இப்படி நேரும்போது பதிவகம் பார்ப்பது கடைசிச் சமர்ப்பிப்பின் நேரமுத்திரையை. கோப்பு ஏறிய நேரத்தை அது பார்ப்பதில்லை. கட்டணம் மட்டும் குறைந்திருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 149ஆம் பிரிவின்படி பின்னர் செலுத்த நீதிமன்றம் அனுமதிக்கலாம். அனுமதி கிடைத்தால் ஆவணம் முதலிலேயே முழுக்கட்டணத்துடன் வந்ததாகக் கொள்ளப்படும். ஆனால் சமர்ப்பிக்கப்படாமல் வரைவாக நின்றுபோன மனுவை இந்தப் பிரிவு எட்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

போர்ட்டல் பழுதாகி நின்றுவிட்டால் காலவரையறையிலிருந்து விலக்கு தானாக வராது. நான் குறிப்பிட்ட டெல்லி விதிகள், இணையவழி வசதி செயலிழந்ததைக் காரணம் காட்டிக் கெடுவிலிருந்து விலக்குக் கேட்க முடியாது, நேரில் தாக்கல் செய்யும் வழி இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. தாமதத்தை மன்னிக்கக் கோரும், காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு மனுவில் அந்தப் பழுது போதிய காரணமாக நிற்கலாம். 1987ஆம் ஆண்டு கத்திஜி வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் இப்பிரிவைத் தாராளமாக வாசிக்கச் சொல்லிவந்திருக்கிறது, அண்மைக்காலத் தீர்ப்புகளில் கண்டிப்பு கூடியிருந்தாலும். திவால் சட்டம், நடுவர் தீர்ப்பு போன்ற உச்சவரம்பு உள்ள இடங்களில் எவ்வளவு நல்ல காரணமும் வரம்புக்கு உள்ளேதான் பயன்படும். அப்படியொரு காரணத்தைச் சொல்லப் போகிறவர், பிழைச் செய்தியின் திரைப்பதிவு, நேரம் தெரியும் மின்னஞ்சல்கள், வங்கிப் பரிவர்த்தனைக் குறிப்பு, உதவி மையத்துக்கு அன்றே எழுதிய புகார் ஆகியவற்றை முதல் மனுவோடு இணைக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் அவற்றுடன் இருப்பது நல்லது.

மூன்றாவது கேள்வி, திருப்பப்பட்ட கட்டு. தாக்கலில் தாமதம் வேறு, குறை தீர்த்து மறுபடி அளிப்பதில் தாமதம் வேறு. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் முன்பே இந்தியப் புள்ளியியல் நிறுவன வழக்கிலும், 2015இல் வடக்கு ரயில்வே எதிர் பயனியர் பப்ளிசிட்டி வழக்கிலும் தெளிவாக வைத்திருக்கிறது. 34ஆம் பிரிவின் கண்டிப்பான வரம்புகூட மறுதாக்கல் தாமதத்துக்குப் பொருந்தாது என்பது பின்னதன் முடிவு. ஆகவே உங்கள் மின்தாக்கல் கெடுவுக்குள் முறையாக நிகழ்ந்திருந்தால், பதிவகம் எத்தனை முறை திருப்பினாலும் முதல் தேதி உங்களுடையதே. இதற்கு ஒரு விலக்கு உண்டு. இடத்தைப் பிடித்துவைக்கும் நோக்கில், கையெழுத்தோ வக்காலத்தோ உறுதிமொழிப் பத்திரமோ இல்லாமல் சில பக்கங்களை மட்டும் ஏற்றிவிட்டுப் பின்னர் முழு மனுவை நுழைப்பதை, தாக்கலே நிகழவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் கொண்டிருக்கிறது. அன்றிரவு நீங்கள் ஏற்றியது முழுமையான மனுதானா என்பதை நீங்களே நேர்மையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கெடு எந்த நாளில் தொடங்கியது என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். சில வேளைகளில் விடை அங்கேயே கிடைத்துவிடும். காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, உத்தரவு வந்த நாளையும் நகல் பெறத் தேவைப்பட்ட காலத்தையும் கழிக்கச் சொல்கிறது. ஆனால் நகலுக்கு விண்ணப்பித்திருந்தால்தான் கழிக்க முடியும்: 2021இல் வி. நாகராஜன் எதிர் எஸ்.கே.எஸ். இஸ்பாத் வழக்கில், இலவச நகல் வரட்டும் என்று காத்திருந்தவருக்கு அந்தக் காத்திருப்பு எந்தப் பயனும் தரவில்லை. உத்தரவு போர்ட்டலில் ஏறிய நாளையே அறிவித்த நாளாகக் கொள்ளலாமா என்பதில், ஜி.எஸ்.டி. வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இரு திசையிலும் தீர்ப்புகள் இருக்கின்றன. உங்களுடையது அந்த வகை என்றால் அதைத் தனி வாதமாகவே எடுக்கலாம்.

உங்கள் காகிதங்களைப் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்வது சரியாக இராது. ஆனால் இப்போதே செய்ய வேண்டியவை இருக்கின்றன. திருப்பிய கட்டைப் பதிவகம் கொடுத்த அவகாசத்துக்குள், மின்தாக்கல் ஒப்புகையை முதல் பக்கமாக வைத்து, மின்தாக்கல் தேதியே கணக்கு என்பதற்கான விதியையும் சங்கேத் குமார் தீர்ப்பையும் குறிப்பிட்டு மறுபடி அளியுங்கள். பதிவகம் ஏற்க மறுத்தால், அதோடு விட்டுவிடாமல், மனு விசாரணைக்கு ஏற்கத்தக்கதா என்ற கேள்வியோடு அமர்வின் முன் பட்டியலிடக் கோருங்கள். கெடு கடந்ததா என்பதை நீதித்துறை முறையில் தீர்மானிக்க வேண்டியது நீதிபதிதான், பதிவக அலுவலர் அல்ல. அத்துடன், தாமதம் எதுவும் இல்லை என்ற உங்கள் நிலையை முதல் பத்தியிலேயே காத்துக்கொண்டு, ஒருவேளை ஒரு நாள் தாமதம் என்று கருதப்பட்டால் அதை மன்னிக்க வேண்டும் என்று கோரும் மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். அந்த மனுவை, விதியில் நேர வரம்பு இருக்கிறதா இல்லையா என்று பார்த்து முடித்த பிறகு போடலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம், ஏனெனில் உங்கள் மன்றத்தில் மன்னிக்கத்தக்க நாட்களுக்கு உச்சவரம்பு இருந்தால், அவற்றில் எத்தனை ஏற்கெனவே கழிந்துவிட்டன என்பதையும் எதிர்த்தரப்பு எண்ணிக்கொண்டிருக்கும்.